சுவரில் தொங்கிய நான்கு டீசல் மெக்கானிக்குகள்

மஸ்கட்டில் லாரியும் வேனும் விற்கிற ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்ப்பது அறந்தாங்கியில் எங்கள் தெருவுக்கே தெரியும். என்ன வேலை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமாக அதை வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சர்வீஸுக்கு வண்டி வந்தால் எழுந்து நின்று சலாம் சொல்வேன். என்ன குறை என்று கேட்டு, சொன்னதைக் கணினியில் தட்டி, வந்தவருக்கு ஒரு குவளை காவா என்கிற அரபுக் காப்பியும் மூன்று பேரீச்சம்பழமும் கொடுத்து உட்காரவைப்பேன். அவ்வளவுதான். இஞ்சின் சில வண்டிகளில் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் என்பதையே போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த ரகசியம் மே மாதத்தில் என் கழுத்துக்கு வந்தது. மீனா அக்கா போன் செய்தாள். அக்கா சொந்தமாக ஒரு டீசல் வேன் வைத்து, தானே ஓட்டி, ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறவள். வண்டி இழுக்கவில்லை, கரும்புகை கக்குகிறது என்றாள். பள்ளி திறக்கும் முன்னால் வருஷா வருஷம் எல்லாப் பள்ளி வாகனங்களையும் புதுக்கோட்டையில் மைதானத்தில் நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பார்கள். அது அடுத்த வார வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் தேறாத வண்டிக்கு இந்த வருஷம் ரூட் கிடையாது என்று பள்ளி ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். அந்த ரூட்டுக்கு இன்னொரு வேன்காரர் ஏற்கெனவே அங்கே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நீ வண்டிக் கம்பெனியிலதானே இருக்கே. ஒனக்குத் தெரியாததா? வந்து பாத்துக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் லீவு பாக்கி இருந்தது. வாரேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து பையை வைத்தவுடன், கை கழுவக்கூட விடாமல் வண்டியைக் காட்டினாள். நான் பானெட்டைத் திறக்கச் சொல்லி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மஸ்கட்டில் மெக்கானிக்குகள் செய்வதுபோல 'ம்ம்' என்றேன். மச்சானும் பக்கத்து வீட்டுக்காரரும் பயபக்தியோடு பார்த்தார்கள். அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆவுடையார்கோவில் ரோட்டுல பழனிவேல் பட்டறைக்குக் கொண்டுபோயிருவமா? நல்லாப் பாப்பாரு" என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு ஐந்து நாள் அபராதம் கட்டினேன். ரோட்டோரப் பட்டறையில் கொடுப்பதற்கா நான் கடல் கடந்து வந்தேன்? கம்பெனி வண்டியைக் கம்பெனியில்தான் கொடுக்க வேண்டும், அங்கேதான் படித்த, பயிற்சி பெற்ற, சான்றிதழ் வாங்கிய டீசல் மெக்கானிக் இருப்பான் என்று பெரிய உரையே நிகழ்த்தினேன். மச்சான் தலையாட்டினார். அவர் பாத்திரக்கடைக்காரர். யார் சத்தமாகப் பேசினாலும் தலையாட்டிப் பழகியவர்.

திங்கள்கிழமை, அறந்தாங்கியிலேயே இருக்கிற கம்பெனியின் கிளை சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். போர்டு இருபது அடி நீளம். உள்ளே தண்ணீர் பீய்ச்சுகிற குழாய் ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர். நான் விவரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே வாட்டர் வாஷும் ஆயில் மாற்றுவதும் மட்டும்தான், மற்றதெல்லாம் புதுக்கோட்டையில் என்றார். பிறகு, வந்ததற்கு வண்டியைக் கழுவித் தரட்டுமா என்று கேட்டார். கழுவிக்கொண்டு வந்தோம். கரும்புகை கக்கினாலும் வண்டி பளபளவென்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டை. ஒரு மணி நேரத்துப் பாதை எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. வாழையிலைக் கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை முந்திப் போனது. அதை ஓட்டியவர் முந்தும்போது பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார். மேடு வரும்போதெல்லாம் அக்கா முதல் கியருக்கு வந்து, ஸ்டியரிங்கைத் தடவி, "ஏறு சாமி, ஏறு" என்பாள். நான் பின்னால் வருகிறவர்களுக்குப் புகையின் நடுவிலிருந்து கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

டீலர் கட்டடத்தைப் பார்த்ததும் என் நெஞ்சு நிமிர்ந்தது. முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏ.சி. மீன் தொட்டியில் ஆறு தங்கமீன். பட்டனைத் தட்டினால் காப்பி கொடுக்கிற இயந்திரம். ஒரு புது வண்டிக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வாங்கியவர் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். விற்பதற்குப் பதினான்கு பேர் டை கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் எண்ணினேன். என் தொழில் அது.

சர்வீஸ் பக்கம் ஒரு இளைஞர் மடிக்கணினியோடு வந்து, ஒரு வயரை வண்டியில் செருகினார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவராம். திரையில் வந்ததைப் படித்துவிட்டு, டர்போ போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும், சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார்.

பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டாமா என்று அக்கா கேட்டாள். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே, எதற்குத் திறக்க வேண்டும் என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது அபூர்வம். அடுத்தவர் கோபத்தை வாங்குகிற இடத்தில்தான் இதுவரை இருந்திருக்கிறேன். மஸ்கட்டில் ஐந்து மொழிகளில் திட்டு வாங்கி, ஐந்திலும் 'மன்னிக்கவும்' சொல்லத் தெரிந்தவன். இப்போதுதான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். மீனுக்குத் தொட்டி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, விற்ற வண்டியைத் திறந்து பார்க்க ஓர் ஆளை வைக்கத் தெரியாதா? உங்கள் டீசல் மெக்கானிக் யார், அவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

சர்வீஸ் மேனேஜர் வந்தார். தங்கமான மனிதர்போலச் சிரித்தார். நான்கு சான்றிதழ் பெற்ற டீசல் டெக்னீஷியன்கள் எங்களிடம் இருக்கிறார்கள், பாருங்கள் என்று சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட நான்கு சான்றிதழ்கள். ச. அந்தோணிசாமி. மு. ரவிச்சந்திரன். அ. முபாரக். க. செந்தில்.

இந்த நான்கு பெயரையும் இதே வரிசையில் நான் இன்னொரு இடத்திலும் படித்திருக்கிறேன். மஸ்கட்டில் எங்கள் அறைச் சமையலறையில், இன்றைக்கு யார் சமையல் என்று ஒட்டியிருக்கும் தாளில். அதில் ஐந்தாவது பெயர் என்னுடையது.

ஆவூர்க்கார அந்தோணிசாமியை மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குச் சொல்லி விசா வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனவன் நான். புதுக்கோட்டையில் ஏதோ ஷோரூமில் இருந்ததாகச் சொன்னான். எந்த ஷோரூம் என்று நான் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரையும் அவன் ஒவ்வொருவராக அழைத்து வந்தான். அதனால் என் பங்குப் பாவம் கால்வாசிதான் என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"அந்தோணிசாமி எங்கங்க?" என்றேன், குரலை இயல்பாக வைத்துக்கொண்டு.

"லீவுல இருக்காருங்க. மாதா கோயில் திருவிழா. வியாழக்கெழம வந்துருவாரு. அன்னைக்கு வண்டியக் கொண்டாங்க, அவரே கைப்பட பாத்துக் குடுத்துருவாரு" என்றார் மேனேஜர்.

நான்கு நாளைக்கு முன்னால் வெங்காயம் சரியாக நறுக்கவில்லை என்று நான் திட்டிவிட்டு வந்த ஆள். அவன் வியாழக்கிழமை இங்கே எப்படி வருவான்? பொய் சொல்கிறீர்கள் என்று கத்த வாய் வந்தது. கத்தினால் அவனை அழைத்துப் போனது யார் என்பதும் வெளியே வரும். பக்கத்தில் அக்கா நின்றாள். காப்பி இயந்திரத்துப் பக்கம் போய்விட்டேன்.

கழிப்பறைக்குள் போய் அந்தோணிசாமிக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஏதோ லாரி உறுமியது. விஷயத்தைச் சொன்னேன். வழியிலேயே பதிவு செய்து வைத்திருந்த வண்டிச் சத்தத்தை அனுப்பினேன். கேட்டுவிட்டு, "சத்தத்த மட்டும் வச்சு சொல்ல முடியாதுண்ணே. டர்போ போனமாதிரி தெரியல. ஆனா ஒரு ஆளு கைய வச்சுப் பாக்கணும்" என்றான். பிறகு, "நான் லீவுலயா இருக்கேன்? சம்பளத்தோடவான்னு கேளுங்கண்ணே" என்றான்.

அதே சமயத்தில் மஸ்கட்டிலிருந்து என் மேலாளரின் செய்தி ஒன்றும் போனில் வந்து கிடந்தது. ஊரிலிருந்து இன்னொரு நல்ல டீசல் மெக்கானிக் கிடைத்தால் பார்க்கவும் என்று.

கோபம் பசியாக மாறியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டோம். முட்டை மாஸ் என்று நான் மஸ்கட்டில் சொன்னால் மதுரைக்காரன்கூட என்ன அது என்பான். அவித்த முட்டையைத் துண்டு போட்டு மசாலாவில் புரட்டி எடுத்து வைப்பார்கள். அவ்வளவு எளிய பொருள் இந்த ஊரைத் தாண்டியதும் யாருக்கும் கைவருவதில்லை. அக்கா இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "அந்தப் பேரப் பாத்ததும் ஒன் மூஞ்சி ஏன்டா அப்படிப் போச்சு?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப ஊருல இருந்த மெக்கானிக்க எல்லாம் ஏத்திக்கிட்டுப் போனதும் நீ. இப்ப மெக்கானிக்கு இல்லையேன்னு கவுண்டர்ல சண்ட போடுறதும் நீ."

கால்வாசிதான் என்று நான் சொன்ன கணக்கு அவளிடம் எடுபடவில்லை.

புதன்கிழமை புதுக்கோட்டையிலேயே வேறொரு கம்பெனியின் டீலரிடம் போனோம். வேறு கம்பெனி வண்டியைப் பார்க்க மாட்டார்கள் என்று தெரியும். கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனோம். வாசலிலேயே 'டீசல் மெக்கானிக் தேவை, உடனே அணுகவும்' என்று ஒரு பேனர். வெயிலில் சிவப்பு எழுத்து ரோஸ் ஆகி, ரோஸ் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. உடனே என்ற சொல் மட்டும் ஓரளவு படிக்க முடிந்தது. அங்கிருந்த மேனேஜர், எங்கள் ஆள் தோஹா போய் இரண்டு மாதம் ஆயிற்று, எங்கள் வண்டிகளே பத்து நிற்கின்றன என்று பின்பக்கம் அழைத்துப் போய்க் காட்டினார். மழைக்குப் பாசி பிடிக்கிற அளவுக்கு நின்றன. நான் மஸ்கட்டில் இருப்பதை அக்கா சொல்லிவைத்தாள். மேனேஜர் என்னைத் தனியாக ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அங்க மேனேஜர் வேல ஏதும் இருந்தா சொல்லுங்க சார்" என்றார்.

திரும்பும் வழியில் ரயில்வே மேம்பாலத்தின் பாதியில் வண்டி முனகி நின்றே விட்டது. பின்னால் இரண்டு டவுன் பஸ், ஒரு ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸில் நல்லவேளையாக நோயாளி இல்லை. டிரைவர் மட்டும் இருந்தார், அவரும் நலமாக இல்லை என்பது திட்டியதில் தெரிந்தது. தள்ளுவண்டியில் வடகாட்டுப் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் கடையை ஓரமாக விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார். பஸ்ஸிலிருந்தும் நாலு பேர் இறங்கி வந்தார்கள். நானும் தள்ளினேன். புகை முழுவதும் என் முகத்துக்கு வந்தது. உச்சிக்கு ஏற்றியதும் பலாக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் மெக்கானிக்கா என்று கேட்டார். முதல் தடவையாக இல்லை என்று உண்மை சொன்னேன். பத்துச் சுளை வாங்கினோம். இரண்டு அதிகமாக வைத்துக் கொடுத்தார்.

அக்கா சுளையைத் தின்றுகொண்டே ஓட்டினாள். ஒரு நாள்தான் மிச்சம். வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் சொன்னாள். முன் சீட்டில் உட்காருகிற எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று கடைசி நாளில் இறங்கும்போது, 'ஜூன்ல நீங்கதான வருவீங்க டிரைவர் அத்தை' என்று கேட்டதாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம்.

அன்று மாலையே பழனிவேல் பட்டறைக்குப் போயிருக்க வேண்டும். போனோம். பூட்டியிருந்தது. நாளைக்கு அவருக்கு வெளியில் வேலை, வெள்ளிக்கிழமைதான் திறப்பார் என்று டீக்கடையில் சொன்னார்கள். என் பெரிய உரையை யாரோ எனக்கே திருப்பி வாசித்துக் காட்டியதுபோல இருந்தது.

ஆகவே வியாழக்கிழமை மறுபடி கண்ணாடிக் கட்டடம். நம்பிக்கை இருந்து போகவில்லை. மஸ்கட்டிலிருந்து அந்தோணிசாமி எப்படி வருகிறான் என்று பார்த்துவிடுவது என்று போனேன். மூன்று நாளாக ஊறப்போட்ட கோபத்தை ஒரு பேச்சாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நுகர்வோர் நீதிமன்றம் அதில் இரண்டு இடத்தில் வந்தது.

வாசலில் மாவிலைத் தோரணம். சர்வீஸ் கூடத்தில் தரைக்குப் புதுப் பெயின்ட். கோலம்கூடப் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து கம்பெனி ஆடிட்டுக்கு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். டீலரிடம் சான்றிதழ் பெற்ற டெக்னீஷியன்கள் நான்கு பேர் இருக்கிறார்களா என்று நேரில் பார்க்கிற நாள். சான்றிதழ்களின் கீழே நான்கு பேர் யூனிபார்மில், பெயர்ப்பட்டையோடு, பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல நின்றார்கள். 'முபாரக்' நான் செவ்வாய்க்கிழமை பார்த்த மடிக்கணினி இளைஞர். 'செந்தில்' உதிரிபாகக் கவுண்டர்காரர். 'ரவிச்சந்திரன்' திங்கள்கிழமை எங்கள் வண்டியைக் கழுவிக் கொடுத்தவர். என்னைப் பார்த்ததும் அவர் மேலே மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். 'அந்தோணிசாமி' நாற்பத்தைந்து வயதுக்காரர். சட்டை இரண்டு அளவு சிறியது, பித்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. நகக்கண்ணில் மட்டும் பல வருஷத்துக் கறுப்பு.

அக்கா அவர் பக்கத்தில் போய், அதிகாரி திரும்பியிருந்த நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"என்ன பழனி, எப்ப ஞானஸ்நானம் வாங்குனீங்க?"

பழனிவேல் உதட்டை அசைக்காமல் பதில் சொன்னார். "காலையில எட்டு மணிக்குத்தான்க்கா. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மறுபடி இந்து."

மேனேஜருக்கு இது கேட்டுவிட்டது. அந்தத் தங்கமான சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, மற்றதெல்லாம் வெளுத்தது. என்னைப் பார்த்தார். என் பேச்சு தொண்டைவரை வந்து நின்றது. ஆறடி தூரத்தில் அதிகாரி. வாயைத் திறந்தால் போதும், இந்த மோசடி முழுக்கச் சரிந்துவிடும். சரிந்தால் பழனிவேல் சட்டையைக் கழற்றிக்கொண்டு பின்வாசலில் போவார், எங்கள் வண்டி இங்கேயே நிற்கும், வெள்ளிக்கிழமை வேறொருவர் அந்த ரூட்டில் கையெழுத்துப் போடுவார். நுகர்வோர் நீதிமன்றத்தை இரண்டு இடத்திலும் விழுங்கினேன்.

அதிகாரி திரும்பினார். ஒரு வண்டியை அந்தோணிசாமி பரிசோதித்துக் காட்டட்டும் என்றார். குறையோடு வந்து நின்றது எங்கள் வண்டி மட்டும்தான்.

பழனிவேல் மடிக்கணினியைத் தொடவில்லை. பானெட்டைத் திறந்தார். அக்காவை ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்று போகிற தடித்த ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் கையை விட்டு, கண் தெரியாதவர் முகத்தைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் கை நின்றது. டார்ச் அடித்துக் காட்டினார். கிளாம்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் புழுதி ஒட்டி வரிபோலத் தெரிந்தது.

"காத்தோட சேந்து எண்ணெ கசியுது பாருங்க மேடம். எண்ணெ இருக்க எடத்துல புழுதி நிக்கும். சும்மா நிக்கிறப்ப இந்தக் கிழிசல் மூடிக்கும். மிதிச்சா வாயத் தொறக்கும். காத்து வெளிய போயிரும், டீசல் மட்டும் உள்ள போகும், கரும்பொக வரும். டர்போ நல்லாத்தான் இருக்கு."

கிழிந்த நுனியை இரண்டு விரல் அளவு வெட்டி எறிந்து, குழாயை இழுத்து மறுபடி பொருத்தி, கிளாம்பை முறுக்கினார். கால் மணி நேரம். அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து நாளாக நான் பார்க்காத முகம். அதிகாரி கை தட்டினார். 'முபாரக்' எல்லாரையும்விட நிஜமான ஆச்சரியத்தோடு கை தட்டினார். இளைஞர்மேல் எனக்கிருந்த கோபம் அப்போது போய்விட்டது. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கச் சுவரைத் தவிர இங்கே யார் இருந்தார்கள்?

பார்க்கிங்கில் பழனிவேலைப் பிடித்தேன். இவ்வளவு கைத்திறமை இருக்கிற ஆளை இவர்கள் ஏன் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று கொதித்தேன். அவர் கொதிக்கவில்லை. எட்டாவதோடு நின்றவர். கம்பெனிக் கணினி ஐ.டி.ஐ. சான்றிதழ் எண்ணைக் கேட்குமாம். அது இல்லாமல் அவர் பெயரை உள்ளேயே விடாதாம். வருஷத்தில் இரண்டு நாள் கூப்பிட்டுச் சட்டையை மாட்டிவிடுவார்கள்.

"பேப்பரு அங்கிட்டு சொவத்துல தொங்குது. கையி இங்கிட்டு நிக்கிது. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தா அவன் ஒங்க ஊருல இருக்கான்" என்றார். பெயர்ப்பட்டையைக் கழற்றியவாறே, "இந்த அந்தோணிசாமி ஆளு எப்படிங்க?" என்று விசாரித்தார்.

நல்ல பையன், வெங்காயம் மட்டும் தடிமனாக நறுக்குவான் என்றேன்.

வெளியே வரும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வாடிக்கையாளர் திருப்திப் படிவம். என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் நீட்டியிருக்கிறேன், முதல் தடவையாக வாங்கினேன். வேலை பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் ச. அந்தோணிசாமி என்று ஏற்கெனவே அச்சாகி இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் மஞ்சள் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், அவசர வழி என்று ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து பார்த்தார்கள். எங்கள் முறை வந்தபோது இன்ஸ்பெக்டர் புகைச் சான்றைப் பார்த்துவிட்டு, அக்காவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தாள். வெறும் காற்று. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அக்கா அதை ஓரத்தில் ஒரு தடவை கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.

மஸ்கட் திரும்பியதும் மேலாளர் கேட்டார், மெக்கானிக் கிடைத்தானா என்று. தகுதியுள்ளவர் யாரும் கிடைக்கவில்லை என்றேன். காகிதப்படி அது பொய் இல்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, விடுமுறை, மதியம். அக்கா கொடுத்துவிட்ட கருவாட்டை அந்தோணிசாமி வறுத்துக்கொண்டிருந்தான். ஊர் நம்பருக்கு அழைப்பு வந்தது. கம்பெனியின் கருத்துக் கேட்கும் பிரிவிலிருந்து ஒரு பெண். புதுக்கோட்டையில் எங்கள் வண்டியைப் பார்த்த டெக்னீஷியன் அந்தோணிசாமிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

வேலை பார்த்தது அவர் இல்லை, பழனிவேல் என்பவர் என்றேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அந்தப் பேரு லிஸ்ட்லயே இல்லையே சார். இருக்கிறவங்கள்ல ஒருத்தர் பேரச் சொல்லுங்க."

"நீங்க வாசிங்கம்மா" என்றேன்.

"ச. அந்தோணிசாமி." அடுப்படியில் கரண்டி உயர்ந்தது.

"மு. ரவிச்சந்திரன்." கட்டிலில் படுத்திருந்தவன் காலைத் தூக்கினான்.

"அ. முபாரக்." துணி மடித்துக்கொண்டிருந்தவன், "உள்ளேன் டீச்சர்" என்றான்.

"க. செந்தில்." குளியலறைக்குள்ளிருந்து, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சத்தம் வந்தது.

லைன் சரியில்லையா சார் என்று அந்தப் பெண் கேட்டார். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் குறிப்பு எழுதுகிற இடம் ஏதாவது இருந்தால் அதில் ஒரு பெயர் எழுத வேண்டும், எழுதாமல் நான் போனை வைக்க மாட்டேன் என்றேன். மூன்று நாள் ஊறி, விழுங்கப்பட்ட அந்தப் பேச்சில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். பாவம், சம்பந்தமில்லாத பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எழுதினதை வாசிக்கச் சொன்னேன்.

"பழனிவேல்" என்று தெளிவாக வாசித்தார்.

அந்தப் பெயருக்கு மட்டும் எங்கள் அறையில் யாரும் கை தூக்கவில்லை.